ஓலை போடாத சுவர்

மேலகரம்,
3-5-1936

தம்பி சிவசைலத்துக்குத் தளவாய் எழுதிக்கொண்டது.

நானும் உன் மதினி குருவம்மாளும் ஏதோ இருக்கிறோம். அடுத்த வீட்டில் உன் மனைவி வள்ளித்தாய் சுகமாக இருக்கிறாள். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. அதை அவளே உனக்கு எழுதியிருப்பாள்.

ரங்கூனில் அரிசி மில் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குச் சித்திரை எது, வைகாசி எது என்று தெரியுமோ தெரியாதோ. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் மேற்கே மலை மூடிக்கொள்ளும், சாரல் வந்துவிடும். அதற்கு முன்னால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற மண்சுவருக்கு ஓலை போட்டாக வேண்டும். சுவர் என்னுடையது. ஆனால் அதன் அந்தப் பக்கம் உன் முடுக்கு, கொல்லைக்குப் போகிற சந்து. முடுக்கில் ஆள் நின்றால்தான் ஓலை கட்ட முடியும். உன் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

தைப் பொங்கலுக்கு நீ வந்து போனபோது முடுக்குக்குக் கதவு வைத்துப் பூட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன் இடம், உன் பூட்டு. முப்பது வருஷம் போலீசில் இருந்தவன் பூட்டைப் பார்த்துக் கோபப்படலாமா? ஆனால் சாவி வள்ளித்தாய் முந்தியில் இருக்கிறது, அவள் உன் வார்த்தை இல்லாமல் அவிழ்க்க மாட்டாள். திருவேங்கடம் பக்கத்திலிருந்து ஒரு வண்டி பனையோலை வந்து இறங்கிவிட்டது. பிச்சையாவிடமும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடு. ஒரு பகல் வேலை.

தளவாய்

*

ரங்கூன்,
14-5-1936

அண்ணாச்சி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஏன் பூட்டினேன் என்று கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருக்கலாம். ஊரில் ஒரு மாதம் இருந்தேன், வாசலில் தினமும் பார்த்துக்கொண்டோம். நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா காலத்திலிருந்து நடப்பது என்னவென்று எனக்கும் தெரியும். வைகாசி பிறந்ததும் உங்கள் அப்பா தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். "சுவருக்கு ஓலை போடணும், முடுக்குல ஆள் விடணும்" என்று கேட்பார். அப்பா வெற்றிலையை எடுத்துக்கொள்வார். ஓலை போடுகிறவர்களுக்கு அன்று எங்கள் வீட்டில்தான் கருப்பட்டிக் காப்பி. வருஷம் தவறாமல் கேட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நீங்களும் அப்பா இருந்தவரை கேட்டீர்கள்.

அப்பா போனபின் இரண்டு வருஷமாக நீங்கள் கேட்கவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு நேரே முடுக்குக்குள் நுழைந்திருக்கிறீர்கள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்றால் கேட்க வேண்டாமா? போலீஸ் உத்தியோகத்தில் அடுத்தவன் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து பழகியிருக்கலாம். இது என் வீடு.

தென்காசியில் வக்கீல் ஆவுடைநாயகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது இது: கேட்டுவிட்டு வந்தால் அது அனுமதி, கேட்காமல் வந்து வந்து பழகிவிட்டால் நாளைக்கு அது பாத்தியதை. முடுக்கே எங்களுடையது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். உங்கள் மருமகப்பிள்ளை சொல்வார்.

ஆகையால் ஒன்று செய்யுங்கள். முடுக்கில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, சிவசைலம் அனுமதித்ததால் நுழைகிறேன் என்று ஸ்டாம்பு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுங்கள். அன்றைக்கே பூட்டைத் திறக்கச் சொல்கிறேன்.

மதினிக்கு என் வணக்கம்.

சிவசைலம்

*

மேலகரம்,
25-5-1936

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வருத்தம்தான் வந்தது.

நான் ஏன் வெற்றிலை கொண்டு வரவில்லை? அதை உன் மதினியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். புருஷன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் வாசலில், அறுபதை எட்டிவிட்டாலும் ஓர் ஆண்பிள்ளை, தட்டில் வெற்றிலை பாக்கோடு போய் நிற்பானா? தெருவில் நாக்கு இல்லாத ஆள் யார்? அதற்காகத்தான் குருவம்மாளை விட்டுச் சுவருக்கு மேலே சொல்லச் சொன்னேன். "ஏட்டி வள்ளி, நாளைக்கு ஓலை போட ஆள் வருதாக" என்று அவள் சொன்னாள், "வரட்டும் மதினி" என்று உன் மனைவி சொன்னாள். காப்பியும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். உன் வீட்டு மானத்துக்காக நான் விட்ட வெற்றிலையை நீ எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாய். உனக்கு அந்த வக்கீல் போதாது, நீயே வக்கீலாகலாம்.

ஸ்டாம்பு காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். எத்தனையோ பேரிடம் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எழுதிக் கொடுத்தவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா மிதித்துக் குழைத்த மண்ணில் எழுப்பிய சுவர் அது. அதைத் தொட நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வேண்டுமானால் நீ அடுத்த தடவை வரும்போது உன் வாசலுக்கு வந்து, தெரு முழுக்கப் பார்க்க, வெற்றிலை வைக்கிறேன். அது என் வாய் வார்த்தை.

உன் பக்கம் நின்றே போட்டுக்கொள்ளலாமே என்று வக்கீல் சொல்லிக் கொடுப்பார், எனவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஓலை இரண்டு பக்கமும் சரிய வேண்டும், இரண்டு பக்கமும் கம்பு வைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் முதல் காற்றுக்கே தூக்கிக்கொண்டு போய்விடும்.

நேற்று வள்ளித்தாய் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "அண்ணாச்சி, நீங்க கேக்கது நாயந்தான். அவுக எழுதட்டும், நான் உடனே திறந்து விடுதேன். அதுவரைக்கும் என்னையக் கேக்காதீக."

இனி அவளைக் கேட்க மாட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். உன்னைத்தான் கேட்கிறேன்.

தளவாய்

*

ரங்கூன்,
5-6-1936

தளவாய் அவர்களுக்கு,

வாய் வார்த்தை போதாது. போதுமென்று நினைத்தவர்கள் கதை இங்கே என்னோடு ஒரே அறையில் படுத்திருக்கிறது. சுந்தரபாண்டியன் என்று ஒருவர், ஆய்க்குடிக்காரர். பன்னிரண்டு வருஷம் இங்கே உழைத்துவிட்டு ஊருக்குப் போனார். அவர் வீட்டுக் கொல்லையில் அடுத்தவன் மாடு நின்றது. கேட்டதற்கு, எட்டு வருஷமாக இங்கேதான் கட்டுகிறோம், நீ யார் என்றார்களாம். திரும்பக் கப்பல் ஏறி வந்துவிட்டார். பேச்சே குறைந்துபோய்விட்டது மனிதருக்கு.

எனக்கென்று இந்தப் பூமியில் இருப்பது அந்த வீடும் அந்த முடுக்கும்தான். இங்கே மழையில் ஒழுகுகிற அறையில் ஆறு பேர் படுக்கிறோம். கண்ணை மூடினால் முடுக்கில் நடந்து கொல்லைக்குப் போகிற மாதிரி இருக்கும். அதை விட்டுவிட்டால் நான் எதற்காக இங்கே கிடக்க வேண்டும்? உங்களுக்கு அது ஓலை கட்டுகிற ஒரு சந்து.

சொந்தக்காரன் புழங்குகிற இடம் என்று தெரிய வேண்டும் என்று வக்கீல் சொன்னபடி, பசுவை முடுக்கிலேயே கட்டச் சொல்லி வள்ளித்தாய்க்கு எழுதியிருக்கிறேன். கட்டியும் வருகிறாள். ஆகவே அங்கே ஆள் நிற்க இடமும் இல்லை.

காகிதத்தில் எழுதித் தந்தால் திறக்கிறேன். இல்லையென்றால் ஓலை போட வேண்டாம். சுவர் விழுந்தால் விழட்டும். உங்கள் சுவர்தானே.

சிவசைலம்

*

மேலகரம்,
14-6-1936

சிவசைலம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் இன்று கிடைத்தது. இனி ஓலையைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. மரியாதை கெட்டுப் போய் எழுதுவது என் வழக்கமில்லை. ஆனால் ஒரு விஷயம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து நாளாகச் சாரல். விட்டு விட்டுத் தூறுகிறது, வெயில் முகமே காட்டவில்லை. குற்றாலத்தில் அருவி நன்றாக விழுகிறதாம். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தலையில் எண்ணெயோடு வண்டி வண்டியாகச் சனங்கள் நம் தெரு வழியே பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை.

சுவரின் தலை ஊறிவிட்டது. என் பக்கம் கைவைத்தால் மண் விரலோடு வருகிறது. தங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று குருவம்மாள் உரல்மேல் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

சுவர் என்னுடையதுதான், விழட்டும். ஆனால் அதன் அடியில் கட்டியிருக்கிற பசு தங்களுடையது. அதன் பக்கத்தில் காலையிலும் சாயங்காலமும் உட்கார்ந்து பால் கறக்கிறவள் தங்கள் மனைவி. பசுவைக் கொல்லையில் கொண்டுபோய்க் கட்டு என்று குருவம்மாள் சொன்னதற்கு, "அவுக முடுக்குலதான் கட்டணும்னு எழுதியிருக்காக மதினி, மாத்திக் கட்டினா அவுக மனசு கஷ்டப்படும்" என்கிறாள்.

என்னை நம்ப வேண்டாம். பசுவை மட்டும் மாற்றிக் கட்டச் சொல்லி எழுதுங்கள்.

தளவாய்

*

ரங்கூன்,
23-6-1936

அண்ணாச்சி,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. 'தங்கள்' என்று போட்டு எனக்கு எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தபோது காதைத் திருகியவர் நீங்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததும் அவமானமாகிவிட்டது. இரவெல்லாம் இங்கேயும் மழை. தூங்கவில்லை.

ஓலையைப் போடுங்கள். காகிதம் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம். நீங்கள் வந்து வெற்றிலை வைக்கவும் வேண்டாம். ஈரம் கொஞ்சம் காய்கிற நாளாகப் பார்த்துப் பிச்சையாவை வரச் சொல்லுங்கள். சாய்ந்திருக்கிற இடத்துக்கு முட்டுக் கொடுக்க எங்கள் கொல்லையில் பூவரசங்கட்டை கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பசுவைக் கொல்லையில் கட்டவும் முடுக்கைத் திறந்து விடவும் சொல்லி இதே தபாலில் வள்ளித்தாய்க்கும் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

தந்தி கொடுத்துவிடலாமா என்று தபாலாபீஸ் வாசல் வரை போனேன். சுந்தரபாண்டியன் தடுத்துவிட்டார். தந்திக்காரன் தெருவுக்குள் நுழைந்தாலே சாவுச் செய்திதான் என்று பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள், ஓலை போடுகிற விஷயத்துக்குப் போய் அவளைப் பதற வைப்பாயா என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. வாசலில் சிவப்புச் சைக்கிளைப் பார்த்தால் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அவள் மயங்கி விழுந்துவிடுவாள். கடிதம் நிதானமாக வரட்டும், பத்து நாளில் ஒன்றும் ஆகிவிடாது.

ஐப்பசியில் லீவு கேட்கிறேன். வந்து நேரில் பேசுகிறேன். கோபம் இருந்தால் அப்போது காதைத் திருகிக்கொள்ளுங்கள்.

சிவசைலம்

*

மேலகரம்,
28-6-1936

தம்பி,

தந்தி கிடைத்திருக்கும். ஆவணி பிறந்தால் மூன்று வருஷம் ஆகிறது நீ வள்ளியை எங்கள் கையில் விட்டு முதல் தடவை கப்பல் ஏறி. எப்படிச் சொல்வேன். ஆனால் நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது.

வியாழக்கிழமை காலையில் தூறல் விட்டிருந்தது. வள்ளி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குருவம்மாளைக் கூப்பிட்டாள். "மதினி, ராத்திரி ஒரு யோசனை வந்துது. அண்ணாச்சியும் முடுக்குக்குள்ள வர வேண்டாம், பிச்சையாவும் வர வேண்டாம். ஓலையை நீங்க மேல தூக்கித் தாங்க. இங்கன நானே நின்னு போடுதேன். எங்க வீட்டுக்காரக வார்த்தையும் மீறல, உங்க சுவரும் நனையாது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளாகச் சொல்லத் தெரியாமல் இருந்த கணக்கைப் போட்டுவிட்டவள் மாதிரி சிரித்தாள்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் கடிதத்தின்மேல் இருந்த கோபத்தில், எனக்கென்ன, பெண்கள் பாடு என்று இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குருவம்மாள் உரல்மேல் ஏறி ஓலையைத் தூக்கிக் கொடுத்தாள். வள்ளி பசுவையும் கன்றையும் அவிழ்த்துக் கொல்லையில் விட்டுவிட்டு வந்து வாங்கினாள். பாதிச் சுவருக்குமேல் போட்டுவிட்டாள். ஓலை நழுவாமல் இருக்க மேலே கம்பை வைத்து அழுத்தச் சொன்னாள் குருவம்மாள். "அண்ணாச்சி, அந்த நுனியை நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க" என்று வள்ளி கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட கடைசி வார்த்தை அது. நான் கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு போவதற்குள் சுவர் அந்தப் பக்கமாக இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, ஊறின மண். குருவம்மாள் கையில் ஓலை மட்டும் நின்றது.

தெருவே ஓடி வந்தது. முடுக்குக் கதவு பூட்டியிருந்தது. நான் விழுந்த சுவர்மேல் ஏறித்தான் போனேன். அப்போது என்னை யாரும் தடுக்கவில்லை. கையாலேயே தோண்டினோம். முகத்தில் ஒரு காயம்கூட இல்லை. மூச்சு இல்லை.

ஆய்க்குடியிலிருந்து அவள் அண்ணன் பிச்சைமணி வந்து எல்லாம் செய்தான். அவளைக் குளிப்பாட்டும்போது முந்தியில் முடிந்திருந்த சாவியைக் குருவம்மாள் அவிழ்த்து வைத்திருக்கிறாள். முடிச்சு நனைந்து இறுகிப்போய் லேசில் அவிழவில்லையாம். அதற்குத்தான் அவள் அப்படி அழுதாள்.

பசுவும் கன்றும் என் வீட்டில் நிற்கின்றன. நீ வரும்வரை பார்த்துக்கொள்கிறேன். வேறென்ன எழுத.

தளவாய்

*

ரங்கூன்,
9-7-1936

அண்ணாச்சி,

தந்தி வந்த அன்று நான் ஆபீசில் இருந்தேன். வாசலில் சிவப்புச் சைக்கிளைப் பார்த்துவிட்டு யாருக்கோ என்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்களைத் திட்டித் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அப்புறம் நான் எழுதிய ஒரு வரி ஞாபகம் வந்தது. சுவர் விழுந்தால் விழட்டும், உங்கள் சுவர்தானே. அந்த வரி இருக்கும்போது நான் யாரைத் திட்டுவது? நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வக்கீல் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. முடுக்கு இன்னும் என்னுடையதுதான். யாரும் அதில் பாத்தியதை கொண்டாடவில்லை.

அடுத்த கப்பலில் வரச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். வந்து எந்தக் கதவைத் தட்டுவேன்? வரமாட்டேன். வீட்டைப் பிச்சைமணி என்ன செய்தாலும் சரி. பசு உங்களுடையது. சுவரை எங்கே வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளுங்கள், முடுக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் வேண்டாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 23-ந் தேதி நான் இரண்டு கடிதம் போட்டேன், உங்களுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவை வந்திருந்தால் இரண்டையும் பிரிக்காமல் கிழித்துப் போடுங்கள். அதில் எழுதியிருப்பதை யாரும் படிக்க வேண்டாம்.

சிவசைலம்

*

மேலகரம்,
20-7-1936

தம்பி சிவசைலத்துக்கு,

உன் கடிதம் தாமதமாகிவிட்டது. அந்த இரண்டும் இந்த மாதம் முதல் வாரமே வந்துவிட்டன. தபால்காரன் இரண்டையும் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனான். அவள் பெயருக்கு வந்ததை நான் பிரிக்கவில்லை. உன் வீட்டில் விளக்கு வைக்கிற மாடத்தில் வைத்திருக்கிறேன். குருவம்மாள் தினமும் போய் அங்கே விளக்கேற்றிவிட்டு வருகிறாள். என் பெயருக்கு வந்ததைப் படித்துவிட்டேன். கிழிக்க மாட்டேன். என்னை அண்ணாச்சி என்று திரும்பக் கூப்பிட்டது அதில்தான்.

முடுக்கை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாய். எனக்கு வேண்டாம். மருமகப்பிள்ளை ஒரு தடவை பேச்செடுத்தார். அந்தப் பேச்சோடு இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுச்சுவரும் எழுப்பப் போவதில்லை. பழைய சுவரில் அடி மட்டும் நிற்கிறது, முழங்கால் உயரம் இருக்கும். சில இடத்தில் அதுவும் இல்லை. கன்று அதைத் தாண்டி உன் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டு தாய்ப்பசுவைக் கூப்பிடுகிறது. சாயங்காலமானால் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை.

நீ ஓலை போடச் சொல்லியிருந்தாய். போன வெள்ளிக்கிழமை சாரல் கொஞ்சம் நின்றது. குளித்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு, நடுத்தெரு வழியாக உன் வாசலுக்குப் போனேன். இத்தனை நாள் தெரு என்ன பேசும் என்று பயந்துகொண்டிருந்தேன். அன்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் தட்டை வைத்தேன். "வள்ளி, சுவருக்கு ஓலை போடணும், முடுக்குல ஆள் விடணும்" என்று வாய்விட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். வெற்றிலையை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை.

பிறகு குருவம்மாளிடம் சாவியை வாங்கி முடுக்கைத் திறந்தேன். பிச்சையா உன் பக்கம் நின்றான், நான் என் பக்கம் நின்றேன். மிச்சமிருக்கிற முழங்கால் சுவருக்கு, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும், இரண்டு பக்கமும் சரித்து ஓலை போட்டாயிற்று. வேலை முடிந்ததும் பிச்சையா வழக்கம்போல உன் வீட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

சாவியை நான் கொண்டுவரவில்லை. முடுக்குக் கதவில், பூட்டிலேயே தொங்குகிறது. நீ என்றைக்கு வந்தாலும் திறந்துதான் இருக்கும்.

தளவாய்